செவ்வாய்க்கிழமை விசாரிக்க வந்தவர்

கட்சிக்கு நன்கொடை கொடுக்கிறவர்களை இப்போது சென்னையில் ஒரு கம்பெனி விசாரிக்கிறதாம். பெயரையும் எண்ணையும் போட்டால், இந்த ஆளைத் தலைவர் பக்கத்தில் நிற்க விடலாமா வேண்டாமா என்று கம்ப்யூட்டர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறதாம். போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்க எங்கள் பழைய மாவட்ட அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே வேலை பார்க்கிற பெண் இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "கம்ப்யூட்டர் இல்லாம நீங்க எப்படிண்ணா பண்ணீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதையும், இந்த இதழில் வேலை பார்க்கிற நண்பர், ஓய்வு பெற்றவர்கள் பக்கத்துக்கு எழுதச் சொல்லி மூன்று முறை போன் செய்ததையும் வைத்து எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கட்சியின் பெயரைப் போடவில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றிவிட்டேன். மாற்றிய பெயரில் நிஜமாகவே யாராவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு நாள் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். என் பெயரை ஏழுமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு ஏழுமலை உண்டு.

நான் கட்சி ஆபீசுக்கு வந்தது சுவர் எழுதுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு கலக்க. பிறகு போஸ்டர், பிறகு மைக் செட், பிறகு ஆபீசைத் திறந்து பூட்டுகிற வேலை. அந்த வருஷங்களில் சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. ஆபீசைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மறுபடி தெருமுனை, மறுபடி சந்தேகம். ஆபீஸ் செயலாளர் வரதராஜன் சார் இதை ஒரு வாரம் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து பூட்டறதுக்கு வேற ஆள். நீ விசாரிக்கப் போ."

"எனக்குப் படிப்பு கம்மி சார்."

"பயம் ஜாஸ்தி இல்ல? அது போதும்."

விசாரிக்கிறது என்றால் இதுதான். கட்சிக்கு நன்கொடை கொடுக்கிறவர் சும்மா கொடுப்பதில்லை. தலைவர் ஊருக்கு வரும்போது அவருக்கு ஒன்று வேண்டும். வரிசையில் வந்து சால்வை போடுவது முதல் படி. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது இரண்டாவது. உள்ளே நாற்காலி போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது கடைசி. எந்தப் படியானாலும் அதற்கு முன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று ஒருவன் போய்க் கேட்டுவிட்டு வரவேண்டும். பதினேழு வருஷம் அந்த ஒருவன் நான்தான். போஸ்ட் கார்டில் பாதி அளவுக்கு ஒரு சீட்டு இருக்கும். பெயர், அப்பா பெயர், ஊர், யார் மூலம் வந்தார், என்ன கேட்கிறார். கடைசி வரியில் "விசாரித்தேன், சரி" என்று எழுதி நான் கையெழுத்துப் போடவேண்டும். அந்தச் சீட்டு சட்டைப்பையில் இல்லாதவர் தலைவர் இருக்கிற அறை வாசலைத் தாண்ட முடியாது.

வரதராஜன் சார் மெல்லத்தான் பேசுவார். மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் குனிந்தால்தான் கேட்கும். அதனால் அவரிடம் பேசிவிட்டு வந்த எல்லாருமே கும்பிட்டுவிட்டு வந்த மாதிரி இருப்பார்கள். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. புதுச் சீட்டு வந்தால் அதன் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று இடம் குறிப்பார்: வீடு, பிழைப்பு, பூர்வீகம். ஒவ்வொன்றிலும் யாரைக் கேட்கவேண்டும் என்பதையும் அவரே எழுதிவிடுவார். எழுதி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைப்பார். நான் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

அவர் போட்ட சட்டங்கள் சில. நடு மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் போகவேண்டும். ஆம்பளைகள் வெளியே போயிருப்பார்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் சமையலை முடித்திருப்பார்கள், இஸ்திரி போடுகிறவர் பெட்டியைக் கீழே வைத்திருப்பார். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்கவேண்டும். சொம்பு காலியாகிற வரைக்கும் யாரும் பேச்சை நிறுத்தமாட்டார்கள். அடையாள அட்டை கூடாது. அட்டையைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவார்கள், வெள்ளைச் சட்டையும் கறுப்பு ரெக்சின் பையும் போதும் என்பார். ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்கு மேல் போகக் கூடாது. கேட்டதை அவரைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது.

நான் திரும்பி வந்ததும், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கமாட்டார். "அவர் பேரைச் சொன்னதும் யார் பேச்சை நிறுத்தினாங்க?" என்பதுதான் அவர் கேள்வி. யோசித்துப் பார்த்தால் ஒருவர் இருப்பார். அந்த ஒருவரை வைத்துத்தான் முடிவு.

ஆரம்பத்தில் ஒரு தடவை நான் ஏமாந்தேன். பேச்சை நிறுத்திய ஆளைக் கவனிக்காமல், ஒரு கோச்சிங் சென்டர்காரருக்குச் சரி போட்டுவிட்டேன். தலைவரோடு எடுத்த போட்டோவை அவர் ஆள் உயரத்துக்குப் பெரிசாக்கித் தன் ஆபீசில் மாட்டினார். அதைக் காட்டியே அரசாங்க வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, போளூர் பக்கத்து ஜனங்கள் பலரை மொட்டையடித்துவிட்டார். போலீசுக்குப் போனவர்களிடம், அந்தப் போட்டோவைப் பார்த்தீர்களா என்று ஸ்டேஷனிலேயே கேட்டார்களாம். ஒரு போட்டோ என்ன செய்யும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கையெழுத்தையும் போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பேன். என் மனைவி சரோஜா, "இந்தாளு எந்தக் கட்சிங்க?" என்று கேட்கமாட்டாள். "இந்தாளு சரியா?" என்றுதான் கேட்பாள்.

இனி குமரவேல் விஷயம்.

அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர் அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோட்டில் ஒரு மண்டபத்துக்கு வருவதாக இருந்தார். குமரவேல் போட்டோ கேட்டிருந்தார். வேங்கிக்காலில் புது வீடு. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிற தொழில். பூர்வீகம் அடி அண்ணாமலை. திங்கட்கிழமையே சார் மூன்று இடத்தையும் குறித்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். நானும் படித்துப் பார்த்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை சரோஜாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பரிசோதனை, நான் கூடப் போகவேண்டும், புதன்கிழமை விசாரிக்கிறேன் என்றேன். அவசரமே இல்லை, வீட்டைப் பார், இந்தச் சீட்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை தலைவர் வருகிறாரே, அடுத்த வாரம் எப்படி என்று எனக்குள் ஓடியது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வரவில்லை.

செவ்வாய் முழுக்க ஆஸ்பத்திரி. புதன்கிழமை மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு மதியம் வேங்கிக்காலுக்குப் போனேன். புது வீடுகள் வரிசையாக இருக்கிற தெரு. வெயிலில் ஒரு நாய்கூட இல்லை. குமரவேல் வீட்டுக்கு எதிர்வீட்டுக் கேட்டைத் தட்டினேன். ஒரு அம்மா வந்தார். கையில் தண்ணீர்ச் சொம்பு. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"உக்காருங்க. நேத்து நின்னுக்கிட்டே குடிச்சிட்டுப் போயிட்டீங்க," என்றார்.

வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். குமரவேல் என்று ஆரம்பித்ததும், "அதான் சொன்னேனேங்க. தன் வேலை உண்டு, தான் உண்டுன்னு இருக்கறவரு. தெருவுக்கு லைட் போட்டுக் குடுத்தாரு," என்றார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. சொம்பில் பாதிகூட நான் குடிக்கவில்லை.

தெருமுனையில் இஸ்திரி வண்டி. அவரிடம் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், மறந்துட்டியா? தன் வேலை உண்டு, தான் உண்டுன்னு இருக்கறவரு. தெருவுக்கு லைட் போட்டுக் குடுத்தாரு. எழுதிக்கினியே."

"நான் நேத்து வந்தேனா?"

"வந்தியே. இதே சட்டை. இதே பை." பெட்டியைத் துணிமேல் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

எனக்கு ஒரு அண்ணன் இருந்தார். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. முதலில் கடைக்குப் போய்விட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பார். பிறகு பெற்ற மகளையே யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். இஸ்திரி வண்டி பக்கத்தில் நின்றபோது வேறு யார் நினைப்பும் வரவில்லை, அவர் நினைப்புதான். நேற்று ஆஸ்பத்திரியில் சரோஜாவுக்கு ரத்தம் எடுத்த நர்ஸின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. டோக்கன் நம்பர் நாற்பத்தொன்று என்பது மட்டும் வந்தது. அதைச் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் குமரவேல் குடும்பத்தை அறிந்த பொரிக்கடை ஒன்று என்று சார் குறித்திருந்தார். பௌர்ணமி இல்லாத நாளில், அதுவும் அந்த நேரத்தில், பாதையில் ஆள் இருக்கமாட்டார்கள். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், எதுவும் அசையவில்லை. நான் வண்டியை நிறுத்துவதற்குள் கடைக்கார அம்மாள் எழுந்து உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார்.

"வெச்சிட்டுப் போயிட்டியேப்பா. வருவேன்னுதான் எடுத்து வெச்சேன்."

ஒரு பேனா. மூடியில் நூல் கட்டியிருந்தது. எட்டாவது படிக்கும்போது பேனாவைத் தொலைத்து அடி வாங்கியவன் நான். அதிலிருந்து பேனாவுக்கு நூல் கட்டி, நூலின் மறுமுனையைச் சட்டைப் பொத்தானில் சுற்றிக்கொள்வது என் வழக்கம். ஆபீசில் அதைக் கிண்டல் செய்யாதவர் கிடையாது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். என் பேனா இருந்தது, நூலோடு. அந்த அம்மாள் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். இல்லை, என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேனாவோடும் செங்கம் ரோட்டுக்கு வந்தேன்.

பிழைப்பு என்று குறித்திருந்த இடம் ஆசிரமத்துக்கு எதிர்ச்சந்தில் குமரவேலின் வாடகை ரூம்கள். அதை ஒட்டி ஒரு டீக்கடை. கஸ்தூரி என்று ஒரு பெண் நடத்துகிறாள், மாமனார் விட்டுப்போன இரண்டரை சென்ட் இடம். நான் போனபோது கடை இருந்தது, மேலே பந்தல் இல்லை. தென்னங்கீற்று அறுத்துப்போட்டபடி மண்ணில் கிடந்தது. அவள் வெயிலில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னும் இன்னா தெரியணும் உங்களுக்கு?"

நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டேன்.

"நேத்து மதியம் வந்து தண்ணி கேட்டீங்க. குடுத்தேன். யாராண்டயும் சொல்லமாட்டேன், தைரியமா சொல்லும்மான்னீங்க. இந்த இடத்தை எழுதிக் கேக்கறாரு, மாட்டேன்னா மிரட்டறாருன்னு பைத்தியக்காரி மாதிரி அத்தனையும் சொன்னேன். சாயங்காலம் நாலு பேர் வந்து பந்தலை அறுத்துட்டாங்க. நான் உங்களாண்ட சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னாங்க, ஒரு வார்த்தை பிசகல. நல்லா இருப்பீங்களா நீங்க?"

"அம்மா, நேத்து வந்தது நான் இல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பையைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பொத்தானில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தாள். "போங்க," என்றாள்.

சந்து முனைக்கு வந்து ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. பதினேழு வருஷத்தில் என் முகத்தை யாரும் பார்த்ததே இல்லை. அட்டை வேண்டாம், ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் என்று சார் போட்ட சட்டம் அப்படி. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பை, தண்ணீர், நூல் கட்டின பேனா. இது இருந்தால் அது ஏழுமலை. யார் வேண்டுமானாலும் ஏழுமலையாக வரலாம். வந்து, யார் யார் நல்லது சொல்வார்கள், யார் உண்மையைச் சொல்வார்கள் என்று பிரித்துத் தெரிந்துகொண்டு போகலாம். நான் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கையை ஒருவன் சட்டையைப் போல மாட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

அப்படித்தான் என்று நினைத்தேனே தவிர, நிச்சயம் இல்லை. அண்ணனும் ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வார்.

அன்று சாயங்காலம் சரோஜாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வேங்கிக்காலுக்குப் போனேன். அந்தத் தெருமுனை மருந்துக்கடையில் கேமரா இருப்பதைப் பார்த்திருந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், செவ்வாய்க்கிழமை மதியம் பதிவானதை ஓட்டிக் காட்டினார். காலியான தெரு. பிறகு ஒரு ஆள் திரைக்குள் வந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் பை, கொஞ்சம் கூன். அந்த அம்மா வீட்டு கேட்டைத் தட்டினார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், இஸ்திரி வண்டிக்குப் போனார், திரையைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? அது நான் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சரோஜா, நேத்து நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இன்னொரு தடவை போடச் சொன்னாள். பார்த்தாள்.

"இது நீங்க இல்ல," என்றாள். "நீங்க ஒரு வீட்டுலேர்ந்து வெளிய வந்தா, கேட்டைச் சாத்தினோமான்னு ரெண்டு தடவை திரும்பிப் பார்ப்பீங்க. இவன் ஒரு தடவைகூடத் திரும்பல. முப்பது வருஷமா உங்க பின்னாடி நடக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். பதிவைச் செல்போனுக்கு அனுப்பச் சொன்னேன், மகன் வந்ததும் அனுப்புகிறேன் என்றார். மறுநாள் காலை போன் செய்தபோது, "அழிஞ்சுபோச்சுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை வரதராஜன் சாரிடம் போனேன். குனிந்து, இந்த ஆள் வேண்டாம் சார் என்று தொடங்கி நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கஸ்தூரியின் பந்தலைச் சொன்னேன். இந்தப் போட்டோ எடுத்தால் அந்த இடம் போய்விடும், ஸ்டேஷனிலும் தாலுக்கா ஆபீசிலும் அவள் பக்கம் ஒருத்தரும் நிற்கமாட்டார்கள் என்றேன். அவர் பென்சில் சீவிக்கொண்டு கேட்டார். யார் பேச்சை நிறுத்தினார்கள் என்று கேட்கவில்லை. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி வரவில்லை. கண்ணாடியைத் தூக்கி ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் தள்ளினார்.

குமரவேல் சீட்டு. "விசாரித்தேன், சரி." கீழே கையெழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் கையெழுத்துப் போடுவேன். ழு-வின் சுழி பெரிசாக வந்து மற்ற எழுத்தை இடிக்கும். அந்தச் சீட்டிலும் இடித்துக்கொண்டிருந்தது.

"இது நான் போடல சார்."

"உன் கையெழுத்து இல்லையா?"

பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். இல்லை என்று சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் எனக்குக் கை வந்திருக்காது.

"நேத்து நீ போனதை மறந்துடு, ஏழுமலை," என்றார், அதே மெல்லிய குரலில். "செவ்வாய்க்கிழமை போனது நீதான்னு வெச்சுக்கோயேன். உனக்கு இன்னா நஷ்டம்?"

செவ்வாய்க்கிழமை நான் போகமாட்டேன் என்பது சரோஜாவை விட்டால் இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்தச் சீட்டு இரண்டு நாள் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது, டீ குடிக்க வருகிற யாரும் படித்திருக்கலாம், அதுவும் உண்மைதான். நான் இன்றைக்கு வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் இதே யோசனை. கையெழுத்துப் பொய் என்று வாசலில் சத்தம் போடலாம். போட்டால் எதிர்வீட்டு அம்மாவும் இஸ்திரிக்காரரும் வந்து, இவர்தான் வந்தார் என்று கற்பூரம் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவும் மாட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். ஐந்து நிமிடத்தில் நான் பொய்யன் ஆகி, குமரவேல் உள்ளே போய்விடுவார். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம். அப்போதும் சீட்டு உள்ளே போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மண்டபத்தின் பின்பக்க அறையில் தலைவர். வாசலில் நானும், கூடவே பாதுகாப்பு அதிகாரி ஒருவரும். என் வேலை, சீட்டை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்து, சால்வையை ஒரு தடவை உதறிப் பார்த்து, தோளைத் தொட்டு உள்ளே விடுவது. நாற்பது பேர் வரிசையில். பன்னிரண்டு பேர் போய் வந்துவிட்டார்கள். பதின்மூன்றாவது குமரவேல். அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை. நெற்றி நிறைய விபூதி, மெலிந்த ஆள், அமைதியான முகம். தெருவில் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?" என்றார். "செவ்வாய்க்கிழமை வெயில்ல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே."

சீட்டை வாங்கினேன். பாதுகாப்பு அதிகாரி பக்கம் திரும்பினேன். சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான், நம்புவதற்கு வசதி.

"சார், நான் கையெழுத்துப் போட்ட சீட்டு எதையும் நம்பாதீங்க."

"என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஞாபகம் தப்பிப்போச்சு சார். யாரைப் போய் விசாரிச்சேன், யாரை விசாரிக்கலன்னே தெரியல. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. இவரு யாருன்னே எனக்குத் தெரியல."

அதிகாரி குமரவேலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பொய் என்று சொன்னால் சாட்சி கேட்பார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவன் தானாகவே சொல்லும்போது யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? அவர் வயர்லெஸ்ஸில் இரண்டு வார்த்தை சொன்னார். வரிசையைக் கலைத்தார்கள். தலைவர் மேடையில் நின்று எல்லாருக்குமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு வழியாகக் காரில் ஏறிப் போய்விட்டார். இருபத்தேழு பேர் சால்வையும் கையுமாக என்னைத் திட்டினார்கள். குமரவேல் திட்டவில்லை. என் தோளைத் தொட்டு, "உடம்பைப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கை பட்ட இடம் ராத்திரி வரைக்கும் ஜில்லென்று இருந்தது.

வரதராஜன் சார் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஆபீசில் எனக்குச் சால்வை போட்டு, பழம் கொடுத்து, ஓய்வு என்று சொல்லி அனுப்பினார்கள். பரிசோதனைக்கு டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு ஆளையும் அனுப்பினார்கள். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை, கடைசியாக என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். வேண்டுமென்றே ஒன்றிரண்டைத் தப்பாகச் சொன்னேன். எத்தனை தப்பு சொன்னால் போதும் என்று தெரியாமல் பயந்துபோனேன்.

அதே திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் குறைதீர்ப்புக் கூட்டம். கஸ்தூரி மனு கொடுத்தாள். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், தாலுக்காவிலிருந்து ஆள் வந்து இடத்தை அளந்தார்கள், வேலை நடக்கிறது. முந்தின நாள் அந்தப் போட்டோ எடுக்கப்பட்டிருந்தால் அந்தக் காகிதத்தை யாரும் கையால் தொட்டிருக்கமாட்டார்கள். இதைக் கேள்விப்பட்டு, அவள் கடைக்குப் போனேன். பந்தலுக்குப் பதில் பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டியிருந்தாள். கேட்காமலேயே மனுவின் நகலை எடுத்து நீட்டினாள். எதிர்மனுதாரர் ஒன்று, குமரவேல். எதிர்மனுதாரர் இரண்டு: "பெயர் தெரியாது. விசாரிக்க வந்தவர் போல நடித்தவர். மறுநாளும் வந்தார்."

"மறுநாள் வந்தது மட்டும்தான் நான்," என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். பிறகு, "மண்டபத்துல நடந்ததைச் சொன்னாங்க. வேணும்னா அந்த ரெண்டாவது ஆளை அடிச்சுடவா?" என்று பேனாவை எடுத்தாள்.

வேண்டாம் என்றேன். அந்த வரியை அடித்துவிட்டால் செவ்வாய்க்கிழமை வந்தவன் எந்தக் காகிதத்திலும் இருக்கமாட்டான். அவன் வந்ததற்கு மீதி இருக்கிற ஒரே அடையாளம் அதுதான்.

இப்போது அந்த மனு மேல் நடக்கிற விசாரணைக்கு, இரண்டாவது ஆள் என்ற இடத்தில் என்னைக் கூப்பிடுகிறார்கள். நாலு தடவை போய்விட்டேன். அது நான் இல்லை என்று சொல்கிறேன். ஞாபகம் தப்பியவர் என்று டாக்டர் எழுதிய காகிதத்தை எடுத்து எதிரில் வைத்து, நீங்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அடுத்த விசாரணை வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. சரோஜா கூட வருகிறேன் என்கிறாள். அந்த அறையில் எதிர்மனுதாரருக்கு இரண்டு நாற்காலி போடுகிறார்கள். இரண்டாவது அவனுடையது. அவனைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் உட்கார்கிறேன்.